ஒன்றாம் நம்பர் யாருக்கு?

போன வாரம் சிறில் கண்டாக்கையா மாட்டிக்கொண்ட கதை நினைவிருக்கும். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் மயூரதன் மாஸ்டர், நனைந்த குடையோடு டிக்கோயா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் கூட உட்காராமல், "ஷிராணியைக் கட்டித்தர உங்களுக்குச் சம்மதமோ அங்கிள்?" என்று மகளை நேரடியாகப் பெண் கேட்டுவிட்டார். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேற்பார்வையாளராக இருந்து, எல்லாருக்கும் உடனுக்குடன் பதில் சொல்லிப் பழகிய மனிதர் அன்றைக்குப் பதிலைத் தள்ளிப்போட்டார். மகன் கட்டாரில் இருக்கிறான், அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்தார்.

தப்பித்ததாக நினைத்தது அவர் மட்டும்தான். மகன் ஜூட்சன் தொலைபேசியில் பெரிய மனிதன் தோரணையில் பேசினான். ஆளைப் பார்க்காமல் தங்கச்சியைக் கொடுக்க முடியாது, கம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேசவேண்டும், வருகிற வெள்ளி தனக்கு லீவு, அங்கேயும் பௌர்ணமிப் போயா விடுமுறை, பின்னேரம் நாலு மணிக்கு மாப்பிள்ளையை உட்கார்த்தி வையுங்கள் என்று உத்தரவு போட்டான். லீவில் வந்தபோது அவன் கொண்டுவந்த கம்பியூட்டர் ஒரு வருடமாக அவன் அம்மா டோரீனின் பூப்பின்னல் துணிக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது கஷ்டகாலம் பிறந்தது.

சிறிலுக்கு மயூரதன் மேல் தனியாக ஒரு குறையும் கிடையாது. நல்ல பிள்ளை, குடியில்லை, சத்தம் போட்டுப் பேசுவதில்லை. சாமி வேறு என்பதைக்கூடப் பாதர் பார்த்துக்கொள்வார். ஆனால் யாழ்ப்பாணத்து ஆள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் கந்தோர் மேசைகளிலும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் தன்னைப் பார்த்த பார்வை சிறிலுக்கு இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கு அங்கிள் என்பான், நாளைக்கு ஏதாவது ஒரு வாய்ச்சண்டையில் 'தோட்டத்து ஆட்கள்தானே' என்று ஒரு வார்த்தை விட்டால் என் பிள்ளை எங்கே போய் நிற்பாள்? இதுதான் ஒரு வாரமாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே டோரீனுக்குத் தெரியும். முப்பது வருடம் கண்டாக்குக்குப் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன.

இப்படியாக வெள்ளிக்கிழமை விடிந்தது.

கம்பியூட்டர் விஷயத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். முந்தின நாள் கம்பனியிலிருந்து வந்த ஆள், தொலைபேசி வயரில் ரூட்டர் என்ற பெட்டியைப் பூட்டிச் சுவர் மூலையில் தொங்கவிட்டிருந்தார். சிங்களத்தில் பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த வீட்டில் எத்தனை கம்பியூட்டர் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வேண்டும். முன்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறவேண்டும், ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. ஒன்று என்பது ரூட்டருடையது. வெளியே போகிற எதுவும் அந்த ஒன்றாம் நம்பர் வாசல் வழியாகத்தான் போகும். ஆகவே நீங்கள் இரண்டிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வாசல் நம்பரைத் தன் கையாலேயே அடித்துவைத்தார். இன்னும் மூன்று வீட்டு வேலை பாக்கி என்று மிச்சத்தைச் சிறிலிடம் விட்டுவிட்டுப் போனார்.

சிறில் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டபடி செய்ய மனது வரவில்லை, அவ்வளவுதான்.

நம்பர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் இருநூறு பேர் வரிசையில் நிற்க, குளிரில் வாயிலிருந்து புகை வர, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிய மனிதர் அவர். தோட்டத்தில் பேர் பதிந்தவனுக்குத்தான் நம்பர். பேர் பதியாதவன் நாளுக்கு வந்து போகிறவன், அவனுக்கு நம்பரும் இல்லை, லயத்து வீட்டு வரிசையில் காம்பரா என்கிற அறையும் இல்லை. பேரைப் பதிந்து நம்பர் கொடுத்துவிட்டால், அவன் நம்ம தோட்டத்து ஆள். அதற்குப் பிறகு அவனுடைய கல்யாணம், சாவு எல்லாம் தோட்டத்துடையது.

அந்தக் கணக்கில் அன்று பின்னேரமே அவர் வீட்டுக்கு நம்பர் போட்டார். டோரீனுக்கு இரண்டு. மூத்தவன் ஜூட்சனுக்கு மூன்று. ஷிராணிக்கு நான்கு. டோரீன் கம்பியூட்டரைத் தொட்டதே இல்லை, ஜூட்சனோ கடல் கடந்து இருக்கிறான். இருந்தாலும் நம்பர் நம்பர்தானே என்று ஒதுக்கி வைத்தார்.

அப்படியானால் ஒன்று யாருக்கு? இன்றைக்கு வந்து சுவரில் தொங்குகிற, பச்சை விளக்கைச் சிமிட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கா? பென்சன் வாங்கியதிலிருந்து அவரைப் பின்னுக்குத் தள்ளாத ஆள் இல்லை. பழைய தோட்டத்தில் புதுக் கண்டாக்கு வந்து அவருடைய குவார்ட்டர்ஸுக்கு வேறு பெயிண்ட் அடித்துவிட்டான். கோயில் கமிட்டியில் அவரைக் கேட்காமலே ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். சொந்த வீட்டிலும் இரண்டாம் நம்பரா? சிறில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கம்பியூட்டருக்கு ஒன்று என்று அழுத்தி அடித்தார்.

உடனே திரையின் ஓரத்தில் இங்கிலீசில் ஒரு செய்தி எழும்பியது. இதே நம்பரில் இன்னொருவர் இருக்கிறார் என்றது. சிறில் அதை முழுதாக வாசித்தார். புகார் என்று விளங்கியது. தொழிலாளி புகார் சொன்னால், "பாப்போம், போங்க" என்று அனுப்புவதுதான் அவருடைய சர்வீஸ் முழுதும் பழக்கம். அதையே இதற்கும் செய்தார். மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினார், புகார் போய்விட்டது. அதோடு இன்டர்நெட்டும் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை.

காலை பத்து மணிக்கு மயூரதன் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாத கால்சட்டை, தோளில் மடிக்கணினிப் பை. பெண் பார்க்க வந்த மாதிரியும் இருந்தது, பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த மாதிரியும் இருந்தது. ஷிராணி நேற்று இரவே அழைத்து, இணைப்பு வேலை செய்யவில்லை, நாலு மணிக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

சிறில் கம்பியூட்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழும்பவில்லை.

"மாஸ்டர், வயரைப் பாருங்க, பெட்டியைப் பாருங்க. நம்பரெல்லாம் நான் சரியாப் போட்டு வச்சிருக்கேன். அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.

மயூரதன் பாவம் என்ன செய்வார். வருங்கால மாமனார் கை வைக்காதே என்றால் கை வைக்க முடியுமா? "ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கோளாறு இல்லாத இடங்களில் எல்லாம் கோளாறைத் தேடத் தொடங்கினார்.

முதலில் பெட்டியைக் கழற்றிப் பூட்டினார். பிறகு தொலைபேசி வயரைத் தொடர்ந்து வெளியே போனார். வயர் கூரையோரமாகப் போய், டோரீனின் சவ்சவ் பந்தலுக்குள் புகுந்து, தேயிலைச் சரிவில் இருக்கும் தூணுக்கு ஏறுகிறது. பந்தலுக்குள் அவரும் குனிந்து புகுந்தார். நேற்றுப் பெய்த மழை முழுவதும் அந்த இலைகளில் அவருக்காகவே காத்திருந்தது.

அதோடு விடவில்லை. தேயிலைக்குள் இறங்கித் தூண் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வயரில் ஒரு குறையும் இல்லை, காலில்தான் மூன்று அட்டை. வெள்ளைச் சொக்ஸ் சிவப்பாகிவிட்டதைப் பார்த்து டோரீன் பதறிப்போய், குசினி வாசலில் அவரை உட்கார்த்திச் சவர்க்காரத்தைத் தேய்த்து அட்டையை விழுத்தினாள். யாழ்ப்பாணத்தில் அட்டை இல்லையா என்று கேட்டாள். இல்லை ஆன்ரி, அங்கே நுளம்புக் கடிதான் என்றார் மயூரதன். டோரீனுக்கு அந்த நிமிடமே மாப்பிள்ளை பிடித்துவிட்டது. ஏற்கெனவே பிடித்துத்தான் இருந்தது, இப்போது காரணம் கிடைத்தது.

உள்ளே சிறிலுக்கு இரண்டு மனது. ஒரு மனது, இணைப்பு கிடைக்காவிட்டால் நல்லது, ஜூட்சன் இன்னொரு வெள்ளிக்கிழமை சொல்லுவான், அதற்குள் யோசிக்கலாம் என்றது. இன்னொரு மனது, நீ நம்பர் போட்ட கம்பியூட்டர் வேலை செய்யாவிட்டால் மானம் போகுமே என்றது. இதற்கிடையில் அந்தப் புகார் வேறு விடாமல் எழும்பிக்கொண்டிருந்தது. மயூரதன் பெட்டியை ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் திரை ஓரத்தில் தலைகாட்டும். யாரும் பார்ப்பதற்குள் சிறில் அதை அமுக்கிவிடுவார். ஷிராணி ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "என்னா பப்பா அது?" என்றாள். சும்மா, விளம்பரம் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டில் இன்னொரு கண்டம் காத்திருக்கும் என்று ஷிராணி பயந்திருந்தாள். மயூரதன் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். சிறில் வீட்டிலோ தவக்காலம், வெள்ளியில் இறைச்சி கிடையாது. ஆகவே பருப்பும் கீரையும் கிழங்குப் பிரட்டலும் சம்பலும் யாருக்கும் சங்கடம் இல்லாமல் மேசைக்கு வந்தன. இரண்டு சாமிகளும் முன்கூட்டியே பேசி வைத்தது போல இருக்கிறது என்று டோரீன் சொன்னாள். சிறில் கிழங்கை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் மறுபடியும் போய்க் கம்பியூட்டர் பக்கத்துச் சாய்நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தூங்கவில்லை, மூடியிருந்தார். கண்டாக்குமார் மலையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பார்கள். அது ஒரு வித்தை.

மயூரதன் ரூட்டரை இன்னொரு தடவை போட்டார். புகார் எழும்பியது. இந்த முறை அமுக்க ஆள் இல்லை.

சிறில் இமைக்குக் கீழே ஒரு நூல் அளவு திறந்து பார்த்தார். மயூரதன் குனிந்து அதை வாசித்தார். மெதுவாகச் சுட்டியை நகர்த்தி நம்பர் எழுதியிருக்கும் இடத்தைத் திறந்தார். அங்கே ஒன்று என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சரி, மாட்டிக்கொண்டோம் என்று சிறில் நினைத்தார். இப்போது சிரிப்பான். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பைத்தானே நானும் ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மயூரதன் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த ஷிராணிதான் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"பப்பா ஒண்ணைப் போட்டுக்கிட்டாரா? அதான் ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டாக்கி விடுங்க, அவரு எழும்புறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"வேண்டாம்" என்றார் மயூரதன். "அவர் ஒண்டிலயே இருக்கட்டும். நான் பெட்டியின்ரை நம்பரை மாத்திறன்."

"பெட்டிய மாத்துறது பெரிய வேலை இல்லையா?"

"கொஞ்சம் வேலைதான். ஆனா பெட்டிக்கு மனம் நோகாது."

ஷிராணி வாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, செய்தது அவருக்குத் தெரியப்போவதே இல்லை, வீணாக எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டாள். தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்றார் மயூரதன்.

தன் மடிக்கணினியை எடுத்து ரூட்டரில் வயரைச் செருகினார். ரூட்டருக்குள் புகுந்து அதை ஒன்றிலிருந்து கிளப்பி, எங்கேயோ கடைக்கோடியில் இருநூற்று ஐம்பத்துநான்காம் நம்பரில் கொண்டுபோய் உட்கார்த்தினார். பிறகு சிறிலின் கம்பியூட்டரில், வாசல் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் புது நம்பரை அடித்தார். அதற்கு மேலே இருந்த ஒன்றைத் தொடவில்லை. பெட்டியில் நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன.

சாய்நாற்காலியில் கண்ணை மூடியிருந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு வருடமாக எல்லாரும் அவரை நகர்த்தினார்கள். பெற்ற பிள்ளைகூட ஒரு நொடியில் நகர்த்திவிடு என்கிறாள். எங்கிருந்தோ வந்த இவன், அவரை இருந்த இடத்தில் இருக்கவிட்டுவிட்டுப் பெட்டியை நகர்த்துகிறான், அதுவும் அவருக்குத் தெரியாமல். சிறில் இருமுவது போல ஒரு சத்தம் செய்து எழும்பினார்.

"என்னா மாஸ்டர், சரிவந்துருச்சா?"

"ஓம் அங்கிள். நீங்கள் போட்ட நம்பர் எல்லாம் சரி. பெட்டியிலதான் சின்னப் பிழை."

"நான் அப்பவே நெனைச்சேன்" என்றார் சிறில். வேறு என்ன சொல்ல முடியும்.

நாலு மணிக்குத் திரையில் ஜூட்சன் வந்தான். டோரீன் மகனின் முகத்தைப் பார்த்ததும் திரையைத் தடவினாள், முந்தானையால் துடைத்தாள், மெலிந்துவிட்டான் என்று அழுதாள். அவன் நன்றாகக் கொழுத்துத்தான் இருந்தான். எப்போது ஊருக்கு வருவாய், உனக்கும் ராகலையில் ஒரு பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன் என்று அவள் ஆரம்பிக்க, அதை அப்புறம் பேசலாம் என்று அவசரமாகத் தள்ளிவிட்டு, அவன் மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னான்.

மயூரதன் கெமராவுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும், அவ சம்மதம். வேலை நிரந்தரமா? ஓம். ஊருக்குக் கூட்டிப் போய்விடுவீர்களா? ஷிராணிக்கு எங்கே விருப்பமோ அங்கே. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜூட்சன் இரண்டு முறை எழும்பிப் போய் அவன் பக்கத்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். காற்று அடிக்கிறதாம்.

கடைசியில், பப்பாவோடு தனியாகப் பேசவேண்டும் என்றான். மயூரதன் எழும்பி முற்றத்துக்குப் போனார். ஷிராணி நகத்தைக் கடித்துக்கொண்டு குசினிக் கதவில் நின்றாள்.

"பாத்தா நல்ல ஆளாத்தான் இருக்காரு" என்றான் ஜூட்சன். "ஆனா நீங்க சொல்லாட்டியும், யாழ்ப்பாணத்து ஆள்ங்கிறது எனக்கும் யோசனையாத்தான் இருக்கு பப்பா. நாளைக்கு நம்மளக் கொறச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டா? வேணாம்னு சொல்லிருவோமா?"

குசினிக் கதவில் நின்றவள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். டோரீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிறில் திரையைப் பார்க்கவில்லை. சுவர் மூலையில் கடைசி நம்பருக்குப் போய்விட்ட பெட்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் வயரோடு கிடந்த மயூரதனின் மடிக்கணினியையும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அது பெரட்டுக் குரல். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

"மாஸ்டர், உள்ள வாங்க."

மயூரதன் அவசரமாக வந்தார்.

"இந்த வயர்ல மாட்டியிருக்கிற உங்க கம்பியூட்டருக்கு என்ன நம்பர் போட்டிருக்கீங்க?"

மயூரதன் திகைத்தார். தான் செய்தது தெரிந்துவிட்டதோ என்று பெட்டியைப் பார்த்தார். "அம்பது, அங்கிள். வேலைக்காகத் தற்காலிகமாப் போட்டது. இப்ப எடுத்திடுவன்."

"எடுக்க வேணாம். நாளுக்கு வந்து போறவங்களுக்குத்தான் அம்பதும் அறுபதும்" என்றார் சிறில். "இந்த வீட்டுல நான் ஒண்ணு. அவ ரெண்டு. திரையில இருக்கிற தொர மூணு. ஷிராணி நாலு. நீங்க அஞ்சு போட்டுக்கங்க."

மயூரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பெரட்டுக் கணக்கு எப்படிப் புரியும்? ஆனால் டோரீனுக்குப் புரிந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஷிராணிக்கும் புரிந்தது. அவள் ஓடிவந்து அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பேர் பதிஞ்சாச்சுங்க தம்பி" என்று டோரீன்தான் மாப்பிள்ளைக்கு விளக்கினாள். மாஸ்டர் என்ற அழைப்பு அந்த நிமிடத்தோடு தம்பியாகிவிட்டதை அவளே கவனிக்கவில்லை. மயூரதன் மடிக்கணினியைத் திறந்து ஐம்பதிலிருந்து பூச்சியத்தை அழித்தார்.

கட்டாரில் ஜூட்சன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கண்டாக்கு வீட்டில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் முகத்தில் அதுவரை இருந்த பெரிய மனிதத் தோரணை கழன்று விழுந்துவிட்டது. வீட்டில் கண்ணாடி உடைத்துவிட்டு நிற்கிற சின்ன வயது ஜூட்சன் மாதிரி விழித்தான். ஒரு தடவை சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"பப்பா."

"சொல்லு."

"நீங்க இப்ப இருக்கிற சந்தோஷத்துல சொல்லிர்றேன். ஆறையும் ஏழையும் வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. எனக்கு வேணும்."

சிறில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். டோரீன் விரலை மடக்கி மெதுவாக எண்ணிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு மிகக் கிட்டப் போய் உட்கார்ந்தாள்.

"ஆறு யாருன்னு எனக்கு வெளங்குது" என்றாள். "ஏழு யாருடா?"

ஜூட்சன் வாயைத் திறப்பதற்குள், சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.